14.2 கிலோ உள்ளே, 65 கிலோ வெளியே

வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ வாயு. அது முழுக்க எரிந்து தீரும்போது அடுப்பிலிருந்து வெளியேறியிருப்பது 14.2 கிலோ அல்ல. ஏறத்தாழ 65 கிலோ. அதில் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 22 கிலோ நீராவி. மிகுதியாக வந்த 51 கிலோ, சன்னல் வழியே வந்த காற்றின் ஆக்சிஜன். இதைக் கண்டுபிடிக்கத் தராசு வேண்டியதில்லை. எது எரிகிறது, எரிந்து என்னவாகிறது என்று தெரிந்துகொண்டு, அதை ஒரு வரிச் சமன்பாடாக எழுதிச் சரியாகச் சமன்செய்தால் போதும். மற்றதெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்.

சமன்செய்தல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, முன்னால் 2 போட்டுப் பார், சரிவரவில்லையா, 3 போட்டுப் பார் என்று தடுமாறிய பள்ளி நாட்கள்தான். எண்களிலிருந்து தொடங்கினால் அப்படித்தான் ஆகும். எண் கடைசியில் வர வேண்டியது. எந்தப் பொருள் எந்தப் பொருளாக மாறியது என்பது முதலில். அது என்ன வகை வினை என்பது அடுத்து. அணுக்களை எண்ணுவது அதற்கும் பிறகு. இந்த வரிசை தலைகீழானதால்தான் எத்தனையோ பிள்ளைகள் வேதியியலைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்கே குறியீடுகளுக்குப் பதிலாகப் பொருள்களின் பெயர்களையே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் எந்த அணு எத்தனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரை எழுதும்போது பொருள் கண்முன்னே நிற்கும். குறியீட்டுக்கு மாற்றிக்கொள்வது பிறகு எளிது.

முதலில் பொருள்கள்

கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலும் மலையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லும் வேதியியலுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் அணு 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3. காளவாயில் அதைக் கரியோடு அடுக்கித் தீமூட்டி 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், கல்லுக்குள் இருந்த கார்பன் டை ஆக்சைடு பிரிந்து மேலே போய்விடும். கீழே எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு.

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

ஒரு பொருள் இரண்டாக உடைகிறது. இது சிதைவு வினை. உடைப்பதற்கு வெப்பத்தை நாம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காளவாயின் நெருப்பு பாதியில் அணைந்தால் வேகாத கல் அப்படியே கிடக்கும்.

சுட்ட சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றுவதற்கு நீற்றுதல் என்று பெயர். ஊற்றிய சிறிது நேரத்தில் அது கொதித்துப் பொங்கும். அடுப்பே இல்லாமல் ஆவி பறக்கும்.

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு

இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒன்றாயின. இது சேர்க்கை வினை. முதல் வினையில் நாம் ஊட்டிய வெப்பத்தில் ஒரு பகுதி இங்கே திரும்பி வருகிறது. நீற்றின சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசுகிறார்கள். சுவர் காய்வது நீர் வற்றுவதால் மட்டும் அல்ல. பூச்சு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது.

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

எடையில் இதைப் பார்க்க வேண்டும். 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பையும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடையும் தரும். அந்த 56 கிலோ 18 கிலோ நீரை வாங்கி 74 கிலோ ஆகும். அந்த 74 கிலோ, சுவரில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு, 18 கிலோ நீரை விட்டுவிட்டு, பழையபடி 100 கிலோ கல் ஆகும். கல்லிலிருந்து பிரிந்து போன வாயு எவ்வளவோ அவ்வளவும் சுவருக்குத் திரும்பி வந்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சு தலைமுறைகள் தாண்டி நிற்பதன் காரணம் இதில் இருக்கிறது: அங்கே நிற்பது பூச்சு அல்ல, கல்.

மூன்று சமன்பாட்டிலும் எண் போட வேலையே இல்லை. எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. இருந்தாலும் இவை சமன்பாடுகளே. மூன்றாவதை எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்டால் ஆசிரியர்களே இருவேறு விதமாகச் சொல்வார்கள். வகைகள் நம் வசதிக்காக நாம் வகுத்துக்கொண்டவை. சுண்ணாம்புக்கு அவை தெரியாது.

இருபுறமும் ஏன் சமம்?

பாரிஸில் வாழ்ந்த அந்துவான் லவாய்சியே 1774இல் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, வாயை உருக்கி மூடிச் சூடேற்றினார். உலோகத்தின் ஒரு பகுதி பொடியானது. ஆனால் குடுவையின் மொத்த எடை மாறவில்லை. வாயை உடைத்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, எடை கூடியது. கூடிய அளவும் வெள்ளீயம் அதிகரித்திருந்த அளவும் ஒன்றே. உலோகம் எரியும்போது எதையும் இழப்பதில்லை, காற்றிலிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

லவாய்சியே அரசுக்கு வரி வசூலித்துத் தந்த நிறுவனத்தில் பங்குதாரர். வரவையும் செலவையும் நேர்செய்து பழகிய கண் அவருடையது. 1789இல் வெளிவந்த தம் வேதியியல் நூலில், திராட்சைச் சாறு நொதிப்பதை விளக்கும் இடத்தில், சாற்றை ஒரு பக்கமும் கார்பானிக் அமிலத்தையும் ஆல்கஹாலையும் மறுபக்கமும் வைத்து நடுவே சமக்குறி இட்டார். அவர் கார்பானிக் அமிலம் என்றது இன்றைய கார்பன் டை ஆக்சைடைத்தான். புரட்சிக் காலத்தில் அந்த வரித் தொழிலே அவருக்கு எமனாயிற்று. 1794இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவர் விட்டுச்சென்ற விதியை நம் பாடநூல்கள் பொருண்மை அழியா விதி என்கின்றன. வேதிவினையில் அணு புதிதாகப் பிறப்பதில்லை, காணாமல் போவதும் இல்லை. கூட்டாளிகளை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவே. சமன்செய்தல் முழுவதும் இந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது.

வகை எதற்கு உதவும்?

சேர்க்கையும் சிதைவும் மேலே வந்துவிட்டன. எரிதல் என்றால் பொருள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பமும் ஒளியும் தருவது. எரிபொருளில் கார்பனும் ஹைட்ரஜனும் இருந்தால், காற்று போதுமானபோது, விளைவது கார்பன் டை ஆக்சைடும் நீரும். இடப்பெயர்ச்சி என்றால் வீரியம் மிகுந்த உலோகம் வீரியம் குறைந்ததைத் துரத்திவிட்டு அதன் இடத்தைப் பிடிப்பது. இரட்டை இடப்பெயர்ச்சியில் இரண்டு சேர்மங்கள் தங்கள் பாதிகளை மாற்றிக்கொள்கின்றன. வகை தெரிந்தால் அம்புக்குறிக்கு வலப்பக்கம் என்ன வரும் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். வகையின் பயன் அதுதான். தேர்வில் வகைப்படுத்துக என்று கேட்பதற்காக மனப்பாடம் செய்வதில் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை.

இடப்பெயர்ச்சிக்கு நம் கண்ணெதிரே நடக்கும் எடுத்துக்காட்டு ரயில் தண்டவாளம். இரண்டு துண்டுகளை இணைக்கும் இடத்தில் அச்சு கட்டி, மேலே ஒரு கலத்தில் இரும்பு ஆக்சைடு தூளையும் அலுமினியத் தூளையும் கலந்து பற்றவைக்கிறார்கள். ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895இல் காப்புரிமை பெற்ற தெர்மிட் முறை இது.

1 இரும்பு ஆக்சைடு + 2 அலுமினியம் → 2 இரும்பு + 1 அலுமினியம் ஆக்சைடு

அலுமினியம் இரும்பின் பிடியிலிருந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. வெளிப்படும் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். விடுபட்ட இரும்பு உருகி அச்சுக்குள் இறங்கும். எடை குறைந்த அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதக்கும். 160 கிலோ இரும்பு ஆக்சைடுக்கு 54 கிலோ அலுமினியம். விளைவது 112 கிலோ இரும்பும் 102 கிலோ கசடும். கூட்டிப் பாருங்கள், இருபுறமும் 214. அலுமினியம் குறைந்தால் இரும்பு ஆக்சைடு மாறாமல் மிஞ்சும். கூடினால் மிச்ச அலுமினியம் உருகிய இரும்பில் கலந்துவிடும். தண்டவாளத்தின் மேல் ஓடும் ரயில் அந்த 1க்கு 2 என்ற விகிதத்தை நம்பி ஓடுகிறது.

எண்ணத் தொடங்கும் முன் ஒரு கட்டுப்பாடு

பெயருக்கு முன்னால் போடும் எண்ணைக் கெழு என்கிறோம். எத்தனை மூலக்கூறுகள் என்பதை அது சொல்லும். அதை மாற்ற நமக்கு உரிமை உண்டு. ஒரு மூலக்கூறுக்குள் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்பது அந்தப் பொருளின் இயல்பு. அதில் கை வைக்கக் கூடாது.

நீரில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. ஹைட்ரஜன் வாயுவும் ஆக்சிஜன் வாயுவும் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்தே திரிபவை. இரண்டும் சேர்ந்து நீராகும் வினையை எழுதும் மாணவருக்கு வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைவது தெரிகிறது. உடனே நீருக்குள்ளேயே இன்னோர் ஆக்சிஜனைத் திணித்துவிடுகிறார். எண்ணிக்கை சரியாகிவிட்டது, ஆனால் பொருள் மாறிவிட்டது. ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 உள்ள பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணைக் கழுவப் பயன்படும் அதைத் தாகத்துக்குக் குடிக்க முடியாது. சரியான வழி, நீரை இரண்டாக்கி, ஹைட்ரஜனையும் இரண்டாக்குவது:

2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர்

எரிவாயுவை எண்ணுதல்

நம் சமையல் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கணக்கு எளிதாக இருக்க, எல்லாமே பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம். பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. இது எரிதல் வினை. காற்று தாராளமாக இருக்கிறது. ஆகவே வலப்பக்கம் கார்பன் டை ஆக்சைடும் நீரும்.

பியூட்டேன் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர்

எந்த அணுவிலிருந்து தொடங்குவது? இருபுறமும் ஒரே ஒரு பொருளில் மட்டும் இருக்கும் அணுவிலிருந்து. கார்பன் இடப்பக்கம் பியூட்டேனில் மட்டும், வலப்பக்கம் கார்பன் டை ஆக்சைடில் மட்டும். ஹைட்ரஜனும் அப்படியே. ஆக்சிஜனோ வலப்பக்கம் இரண்டு பொருள்களிலும் இருக்கிறது. இடப்பக்கம் தனி வாயுவாகவே நிற்கிறது. தனித்து நிற்கும் தனிமத்தைக் கடைசிக்கு விட்டுவிட வேண்டும். அதன் எண்ணை மாற்றினால் வேறு எந்த அணுவும் கலையாது. தடுமாற்றத்தைத் தவிர்க்கும் முதல் உத்தி இது. பெரும்பாலான சமன்பாடுகளுக்கு இதுவே போதும்.

ஒரு பியூட்டேனை எடுத்துக்கொள்வோம். கார்பன் 4 இருப்பதால் கார்பன் டை ஆக்சைடு 4. ஹைட்ரஜன் 10 இருப்பதால், நீருக்கு இரண்டு வீதம், நீர் 5. இப்போது வலப்பக்கத்து ஆக்சிஜனை எண்ணலாம். கார்பன் டை ஆக்சைடு நான்கில் 8, நீர் ஐந்தில் 5, மொத்தம் 13. ஆக்சிஜன் வாயு இரட்டையாகவே வரும். எனவே ஆறரை மூலக்கூறு வேண்டும். அரை மூலக்கூறு என்று ஒன்று இல்லையே என்று இங்கே பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அழிக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் தீர்ந்தது.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

சரிபார்ப்போம். கார்பன் 8, 8. ஹைட்ரஜன் 20, 20. ஆக்சிஜன் இடப்பக்கம் 26. வலப்பக்கம் 16ம் 10ம் சேர்ந்து 26.

இனி எடை. கார்பன் அணுவின் நிறை 12, ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16. ஆகவே பியூட்டேன் 58, ஆக்சிஜன் வாயு 32, கார்பன் டை ஆக்சைடு 44, நீர் 18. 58 கிராம் பியூட்டேனுக்கு ஆறரை பங்கு ஆக்சிஜன், அதாவது 208 கிராம். விளைவது 176 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 90 கிராம் நீர். இருபுறமும் 266. இதே விகிதத்தை 14.2 கிலோவுக்குப் போட்டால் ஆக்சிஜன் 51 கிலோ, கார்பன் டை ஆக்சைடு 43 கிலோ, நீர் 22 கிலோ. புரோப்பேன் கலந்திருப்பதால் உண்மை அளவு சற்றே மாறும், அதிகம் மாறாது. காற்றின் எடையில் ஆக்சிஜன் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எனவே ஒரு சிலிண்டருக்குக் குறைந்தது 220 கிலோ காற்று தேவை. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட அறையில் அடங்கும் காற்று 35 கிலோ அளவுதான். அப்படிப்பட்ட ஆறேழு அறைகளின் காற்றை ஒரு சிலிண்டர் குடித்துத் தீர்க்கிறது.

13, 9, 5

அந்தக் காற்று கிடைக்காவிட்டால்? எரிதல் நிற்காது, வேறு வினையாக மாறும். கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைக்காதபோது ஒன்றோடு நின்று கார்பன் மோனாக்சைடு ஆகிறது. அதுவும் கிடைக்காதபோது வெறும் கரியாக, புகைக்கரியாகப் படிகிறது. மேலே சொன்ன முறையிலேயே இவ்விரண்டையும் எண்ணினால்:

2 பியூட்டேன் + 9 ஆக்சிஜன் → 8 கார்பன் மோனாக்சைடு + 10 நீர்

2 பியூட்டேன் + 5 ஆக்சிஜன் → 8 கார்பன் + 10 நீர்

இரண்டும் பிசகில்லாமல் சமன்பட்டவை. தாளில் மூன்றும் சரி. அடுப்பில் எது நடக்கிறது என்பதைத் தாள் சொல்லாது, சுடர் சொல்லும். நீலச் சுடர் என்றால் 13ஐ ஒட்டி எரிகிறது. சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுக்கிறது என்றால் ஆக்சிஜன் குறைகிறது. உண்மையில் மூன்று வினைகளும் வெவ்வேறு விகிதத்தில் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

நடுவில் இருக்கும் 9தான் ஆளைக் கொல்வது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு பற்றிக்கொள்ளும். சன்னல் இல்லாத குளியலறையில் எரிவாயு கீசரை எரியவிட்டுக் குளித்தவர்கள் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள். புகை வெளியே போகவும் காற்று உள்ளே வரவும் வழியில்லாத அந்தச் சிறிய அறையில், 13ல் தொடங்கிய வினை 9ஐ நோக்கி நகர்ந்துவிடுகிறது. எரிவாயு கீசர் வைத்திருப்பவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள். சமன்பாட்டைப் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த மூன்று வரியையும் எழுதிப் பெரியவர்களிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஒற்றையும் கூட்டமும்

அரை வந்தால் இரட்டிப்பாக்குவதைப் பார்த்தோம். அதே சிக்கலை மீச்சிறு பொது மடங்காலும் தீர்க்கலாம். சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் செய்யும் தீக்குச்சியின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பொட்டாசியம் 1, குளோரின் 1, ஆக்சிஜன் 3. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். உரசும்போது குளோரேட் சிதைந்து ஆக்சிஜன் தருவதால்தான் குச்சி குபீரென்று பற்றுகிறது. இடப்பக்கம் ஆக்சிஜன் மூன்று மூன்றாகவும் வலப்பக்கம் இரண்டு இரண்டாகவும் வருகிறது. இரண்டுக்கும் பொதுவானது 6.

2 பொட்டாசியம் குளோரேட் → 2 பொட்டாசியம் குளோரைடு + 3 ஆக்சிஜன்

இன்னொரு உத்தி, பிரியாத கூட்டங்களை அப்படியே எண்ணுவது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் கலங்கிய நீரைத் தெளியவைக்க அலுமினியம் சல்பேட்டைக் கரைத்து விடுகிறார்கள். வீட்டில் படிகாரம் போடுவதன் பெரிய வடிவம் இது. நீரில் ஏற்கெனவே கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். இரண்டும் பாதிகளை மாற்றிக்கொள்ள, அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ்போன்ற திரளாக உருவாகி, சேற்றுத் துகள்களை அணைத்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. பைகார்பனேட் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு கார்பன் டை ஆக்சைடாகவும் ஒரு ஹைட்ராக்சைடாகவும் உடைகிறது. ஆகவே இது இரட்டை இடப்பெயர்ச்சி மட்டும் அல்ல, சிதைவும் சேர்ந்தது.

இதை அணு அணுவாக எண்ணப் புகுந்தால் ஆக்சிஜன் ஐந்து பொருள்களிலும் இருந்து தலையைச் சுற்றவைக்கும். கூட்டமாக எண்ணினால் நான்கே வரி. அலுமினியம் சல்பேட்டில் அலுமினியம் 2, சல்பேட் 3. எனவே வலப்பக்கம் அலுமினியம் ஹைட்ராக்சைடு 2, கால்சியம் சல்பேட் 3. கால்சியம் 3 வேண்டுமென்றால் இடப்பக்கம் கால்சியம் பைகார்பனேட் 3. ஒவ்வொன்றிலும் பைகார்பனேட் இரண்டு இருப்பதால் மொத்தம் 6; அவை தருவது 6 ஹைட்ராக்சைடு, 6 கார்பன் டை ஆக்சைடு. அலுமினியம் ஹைட்ராக்சைடு ஒன்றுக்கு ஹைட்ராக்சைடு 3 வீதம் இரண்டுக்கு 6, பொருந்திவிட்டது.

1 அலுமினியம் சல்பேட் + 3 கால்சியம் பைகார்பனேட் → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 கால்சியம் சல்பேட் + 6 கார்பன் டை ஆக்சைடு

நீரில் பைகார்பனேட் போதாவிட்டால் திரள் சரியாக உருவாகாது. அப்போது நிலையத்தில் சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்ற கணக்கின் அடிப்படை இந்த ஒரு வரி.

அணு சரி, மின்சுமை?

சில்வர் நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பியைத் தொங்கவிட்டால், சிறிது நேரத்தில் கம்பி மேல் வெள்ளி பூப்பூவாக முளைக்கும். நிறமற்ற கரைசல் மெல்ல நீலமாகும். வீரியம் மிகுந்த செம்பு வெள்ளியை வெளியேற்றுகிறது. நைட்ரேட் இதில் பங்கெடுக்கவில்லை என்பதால் அதை விட்டுவிட்டு அயனிகளை மட்டும் எழுதலாம். ஒரு செம்பு, ஒரு வெள்ளி அயனி. வலப்பக்கம் ஒரு செம்பு அயனி, ஒரு வெள்ளி. அணுக்கள் இருபுறமும் சரி. ஆனால் வெள்ளி அயனியின் மின்சுமை நேர் 1. செம்பு அயனியின் மின்சுமை நேர் 2. இல்லாத மின்சுமை ஒன்று வலப்பக்கம் முளைத்திருக்கிறது. செம்பு இரண்டு எலக்ட்ரான்களை விடுகிறது, வெள்ளி அயனி ஒன்றைத்தான் வாங்கும். எனவே வாங்க இருவர் வேண்டும்.

1 செம்பு + 2 வெள்ளி அயனி → 1 செம்பு அயனி + 2 வெள்ளி

63.5 கிராம் செம்பு கரைந்தால் 216 கிராம் வெள்ளி படியும். எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஒன்று நடக்காமல் மற்றது நடக்காது. தெர்மிட், எரிவாயு, தீக்குச்சி மூன்றிலும் இதுதான் உள்ளே ஓடுகிறது.

கடினமான சமன்பாடுகளுக்கு இந்த எலக்ட்ரான் கணக்கே திறவுகோல். தங்கத்தைச் சுத்தம் செய்யும் பட்டறைகளில் நைட்ரிக் அமிலத்தை விட்டு, தங்கத்தில் கலந்த செம்பையும் வெள்ளியையும் கரைத்துப் பிரிப்பார்கள். செந்தவிட்டு நிறத்தில் நச்சுப் புகை எழும். அமிலம் நீர்த்ததாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடு வரும். செம்பு விடும் எலக்ட்ரான் 2. நைட்ரஜன் நைட்ரிக் ஆக்சைடாக மாறும்போது வாங்குவது 3. பொதுவானது 6. ஆக செம்பு 3, நைட்ரிக் ஆக்சைடு 2. மூன்று செம்பு நைட்ரேட்டில் நைட்ரேட் கூட்டம் 6 அடங்கும்; ஆகவே மொத்த நைட்ரிக் அமிலம் 2ம் 6ம் சேர்ந்து 8. அதன் 8 ஹைட்ரஜனும் 4 நீராகும்.

3 செம்பு + 8 நைட்ரிக் அமிலம் → 3 செம்பு நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

கடைசிச் சோதனை ஆக்சிஜன். இடப்பக்கம் 24, வலப்பக்கம் 18, 2, 4. பொருந்துகிறது. அமிலம் அடர்த்தியாக இருந்தால் வருவது நைட்ரஜன் டை ஆக்சைடு. அங்கே நைட்ரஜன் வாங்குவது ஒரே எலக்ட்ரான்.

1 செம்பு + 4 நைட்ரிக் அமிலம் → 1 செம்பு நைட்ரேட் + 2 நைட்ரஜன் டை ஆக்சைடு + 2 நீர்

அதே உலோகம், அதே அமிலம், சமன்பாடு வேறு. எது உண்மை என்று எண்களிடம் கேட்டுப் பயனில்லை. அமிலத்தின் செறிவைத்தான் கேட்க வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாடவேளையில் இருபது சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதை விட்டு, ஒரே ஒரு வினையைக் காட்டுங்கள். மயில்துத்தக் கரைசல், அதாவது செம்பு சல்பேட் கரைசல், நீலமாக இருக்கட்டும். அதில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைச் சுருட்டிப் போடுங்கள். கண்ணாடிக் குவளை சூடாகும், நீலம் வெளிறும், செந்நிறச் செம்பு உதிரும். என்ன போயிற்று, என்ன வந்தது என்று பிள்ளைகளே பெயர்களால் எழுதட்டும். இது எந்த வகை என்று சொல்லட்டும். அலுமினியம் விடும் எலக்ட்ரான் 3, செம்பு அயனி வாங்குவது 2 என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள். 2 அலுமினியத்துக்கு 3 மயில்துத்தம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கூடவே எழும் குமிழிகள் ஹைட்ரஜன். அது இன்னொரு வினை, அதற்கு இன்னொரு வரி வேண்டும் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது. மயில்துத்தம் நஞ்சு, குவளை சமையலறையிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், முடிந்ததும் எல்லாரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.